கப்பி மீனுக்குக் குடற்புழு: மருந்து பாதி, பராமரிப்பு பாதி

(பண்ணை வானொலிப் பேச்சு)

 

கன்றுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து கொடுக்கிறோம். ஆட்டுக்குக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று ஒரு நாள் வைத்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் தொட்டியில் நீந்துகிற மீனுக்கும் வயிற்றில் புழு உண்டு என்று சொன்னால், "மீனுக்குமா?" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்டுங்க. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் என்று குட்டி போடும் மீன்களை வளர்க்கிறவர்கள் பலர், ஏன் மீன் இளைக்கிறது, ஏன் குட்டி குறைகிறது என்று தெரியாமலே நஷ்டப்படுகிறார்கள். காரணம் பல சமயம் இந்தப் புழுதான்.

சென்னை கொளத்தூர் சந்தைக்கு மீன் அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். வியாபாரி பாலித்தீன் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். நாலு மீனின் பின்பக்கம் சிவப்பு நூல் தொங்கினால் போதும், பை முழுவதும் திரும்பி வந்துவிடும். அதோடு, அடுத்த முறையும் உங்கள் மீன் என்றால் அவர் யோசிப்பார். ஆகவே இந்தப் புழு எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது, திரும்ப வராமல் என்ன செய்வது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

அடையாளம் என்ன?

குட்டி போடும் மீன்களை அதிகமாகத் தாக்குவது கமல்லானஸ் என்ற உருண்டைப் புழு. நாம் சுலபமாகச் 'சிவப்புப் புழு' என்று வைத்துக்கொள்வோம். இது மீனின் குடலில், அதுவும் கடைசிப் பகுதியில், வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதனால்தான் அதற்குச் சிவப்பு நிறம். பெண் புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண் புழு அதைவிடச் சிறியது.

காலை நேரத்தில், தீனி போடுவதற்கு முன், தொட்டி அருகில் ஆடாமல் அசையாமல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மீன் ஓய்வாக நிற்கும்போது, ஆசனவாயிலிருந்து இரண்டு மூன்று சிவப்பு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீன் வேகமாக நீந்தினால் நூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். வலையில் பிடித்துப் பார்த்தால் தெரியாமலே போகலாம். அதனால்தான் நின்று பார்க்கச் சொல்கிறேன். நூல் தெரிகிறதே என்று இடுக்கியால் பிடித்து இழுக்கக் கூடாது. புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இழுத்தால் குடல் கிழிந்து மீன் செத்துப்போகும்.

மற்ற அடையாளங்களும் உண்டு. நன்றாகத் தின்றும் மீன் இளைக்கும். வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி மெலியும். நிறம் மங்கும். சினை மீன் குறைவாகக் குட்டி போடும். சில மீன் கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்கி நிற்கும். ஒன்றை மனதில் வையுங்கள். வெளியே சிவப்பு நூல் தெரிகிற மீன் பத்து என்றால், நூல் தெரியாமல் உள்ளே புழு வளர்கிற மீன் அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே நூல் தெரிகிற மீனை மட்டும் பிடித்து எறிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தொட்டி முழுவதுக்கும் வைத்தியம் வேண்டும்.

எல்லாப் புழுவும் ஒன்றல்ல

ஏஞ்சல், டிஸ்கஸ் மீன்களில் வேறொரு புழு வருகிறது. கேப்பில்லேரியா என்று பெயர். மயிரிழை மாதிரி மெல்லியது. வெளியே நீட்டாது. மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பும், இளைக்கும், வெள்ளையாக நூல் போலக் கழியும். ஆனால் வெள்ளைக் கழிச்சல் என்றாலே புழு என்று முடிவு கட்டக் கூடாது. குடலில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் கிருமி இருந்தாலும் அப்படித்தான் கழியும். பட்டினி கிடந்தாலும் அப்படிக் கழியும். காசநோய்க் கிருமியைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவும் மீனை இப்படியே இளைக்க வைக்கும். இவற்றுக்குப் புழு மருந்து கேட்காது.

தங்க மீன், கோய் கெண்டை வளர்ப்பவர்கள் நாடாப் புழுவையும் கவனிக்க வேண்டும். இது தட்டையாக, வெள்ளை ரிப்பன் போல இருக்கும். குடலை அடைத்துக்கொள்ளும். சின்னக் குஞ்சுகள்தான் இதில் அதிகமாகச் சாகும். உருண்டைப் புழுவுக்கு ஒரு மருந்து, நாடாப் புழுவுக்கு வேறு மருந்து. மாற்றிக் கொடுத்தால் காசுதான் நஷ்டம்.

எந்தப் புழு என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நோய் உள்ள மீன் போட்ட புதுக் கழிவைத் துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முட்டையோ, நெளிகிற குஞ்சுப் புழுவோ தெரியும். கேப்பில்லேரியா முட்டை இரண்டு பக்கமும் மூடி போட்ட சின்னப் பீப்பாய் மாதிரி இருக்கும். சிவப்புப் புழு முட்டை இடாது, உயிருள்ள குஞ்சாகவே போடும். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே போக முடிந்தவர்கள், செத்து நாறிய மீனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நோய் கண்டு உயிரோடு இருக்கிற நாலைந்து மீனைத் தொட்டித் தண்ணீரோடு ஆக்சிஜன் பையில் கட்டிக்கொண்டு போங்கள். செத்த மீனில் புழுவும் சீக்கிரம் அழிந்துவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

புழு எங்கிருந்து வருகிறது?

பெரியவர்களுக்கு நரம்புச் சிலந்தி நோய் ஞாபகம் இருக்கும். காலில் கொப்புளம் வந்து, உடைந்து, நூல் போலப் புழு வெளியே வரும். படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்த ஊர்களில் இது இருந்தது. தண்ணீரில் இருக்கும் சைக்ளாப்ஸ் என்ற கடுகைவிடச் சின்னப் பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு பூச்சியும் வயிற்றுக்குள் போகும். நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டோடு இந்த நோய் நின்றது. 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று சான்று கொடுத்தது. எப்படி ஒழித்தார்கள்? மருந்தாலா? இல்லை. அதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். படிக்கட்டுக் கிணறுகளை மாற்றினார்கள். புழு உள்ளவர்களைத் தண்ணீரில் கால் வைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். புழுவின் வழியை அடைத்தார்கள், புழு ஒழிந்தது.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நம் கப்பி மீனின் சிவப்புப் புழு, அந்த நரம்புச் சிலந்திப் புழுவுக்குத் தாயாதி முறை. இரண்டும் சைக்ளாப்ஸ் வழியாகத்தான் பரவுகின்றன. மீனுக்குள் இருக்கும் பெண் புழு, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளைக் கழிவோடு தண்ணீரில் விடுகிறது. அந்தக் குஞ்சு அடியில் கிடந்து நெளியும். சைக்ளாப்ஸ் அதைத் தின்னும். சைக்ளாப்ஸை மீன் தின்னும். மீனின் குடலில் புழு பெரிதாகும்.

ஆனால் இந்தப் புழு இன்னொரு தந்திரமும் கற்று வைத்திருக்கிறது. தொட்டியில் சைக்ளாப்ஸ் இல்லாவிட்டாலும், அடியில் கிடக்கும் குஞ்சுப் புழுவை மீன் நேராகத் தின்று அதனாலும் நோய் வரும். மீன்தான் சும்மா இருக்காதே, அடியில் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். குஞ்சுப் புழு தண்ணீரில் சில வாரங்கள் வரை உயிரோடு இருக்கும். அதனால்தான் நெருக்கமாக மீன் விட்டு, அடிக் கசடை எடுக்காமல் வைத்திருக்கும் தொட்டியில் இது காட்டுத் தீ மாதிரிப் பரவுகிறது.

இந்த விவரம் தெரிந்தால் ஒரு விஷயம் விளங்கும். மருந்து மீனின் வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும். தொட்டியின் அடியில் கிடக்கும் புழுவை நாம்தான் வெளியேற்ற வேண்டும்.

தண்ணீரில் கலக்கும் மருந்து: லெவமிசோல்

சிவப்புப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும் மருந்து லெவமிசோல். ஆடு மாடுகளுக்கும் கோழிக்கும் கொடுக்கிற அதே மருந்துதான். கால்நடை மருந்துக் கடைகளில் தூளாகக் கிடைக்கும். இது புழுவைக் கொல்வதில்லை, அதன் தசையை முடக்கிப்போடுகிறது. பிடி தளர்ந்து புழு வெளியே விழுந்துவிடும்.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லிகிராம் மருந்து. 24 மணி நேரம் வைக்க வேண்டும்.

வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று, லெவமிசோல் மட்டும் இருக்க வேண்டும். மாட்டுக்கு விற்கும் பல மருந்துகளில் லெவமிசோலோடு ஆக்சிகுளோசனைடு என்ற மருந்தும் கலந்திருக்கும். அது மாட்டின் ஈரல் புழுவுக்காகச் சேர்ப்பது. மீன் தொட்டிக்கு அந்தக் கலப்பு மருந்து வேண்டாம். இரண்டாவது, எத்தனை சதவீதம் மருந்து என்று பார்க்க வேண்டும். 30 சதவீதம் என்று போட்டிருந்தால், 100 கிராம் தூளில் 30 கிராம்தான் மருந்து, மற்றது மாவு.

இனிக் கணக்கு. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடிக் கணக்கில் பெருக்குங்கள். வரும் தொகையை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். சுவரின் உயரத்தை அளக்க வேண்டாம், தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதைத்தான் அளக்கணும்.

உதாரணம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 10 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி தண்ணீர் உள்ள சிமெண்டுத் தொட்டி. 10-ஐ 4-ஆல் பெருக்கி, 1.5-ஆல் பெருக்கினால் 60. அதை 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 1,700 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 3,400 மில்லிகிராம், அதாவது 3.4 கிராம் சுத்த மருந்து. கையில் இருப்பது 30 சதவீதத் தூள் என்றால் 3.4-ஐ 0.3-ஆல் வகுக்க வேண்டும். 11.3 கிராம் தூள் வருகிறது. அவ்வளவுதான்.

சின்னக் கண்ணாடித் தொட்டிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக வரும். அதைத் தராசில் நிறுப்பது கஷ்டம். அதற்கு ஒரு வழி. 10 கிராம் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்படி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் 100 மில்லி எடுத்தால் ஒரு கிராம் தூள் வந்துவிடும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடித் தண்ணீர் என்றால் 127 லிட்டர். அதற்கு 30 சதவீதத் தூள் 0.85 கிராம் வேண்டும். இந்தக் கரைசலில் 85 மில்லி. அளவு போட்ட குப்பியோ, ஊசிக் குழலோ வைத்து அளந்து ஊற்றிவிடலாம். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். 'கண் பார்த்தால் கை செய்யும்' என்று ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை போடுகிற வேலை இங்கே ஆகாது.

மருந்து போடும் முறை

முதல் நாள் தீனியை நிறுத்துங்கள். அடிக் கசடை எல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் வெளியே எடுங்கள், கரி மருந்தை உறிஞ்சிவிடும். காற்றுக் குழாய் நன்றாக ஓட வேண்டும்.

எந்த மருந்தானாலும் முதலில் ஒரு வாளியில் பத்து மீனை விட்டு, அதே அளவில் மருந்து போட்டு, ஒரு நாள் பாருங்கள். மீன் நன்றாக இருந்தால் மட்டும் தொட்டிக்குப் போடுங்கள். ஆயிரம் மீனைப் பணயம் வைப்பதைவிடப் பத்து மீனைப் பார்ப்பது மேல்.

சாயந்திரம் வெயில் இறங்கிய பிறகு மருந்தைக் கரைத்துத் தொட்டி முழுவதும் பரவலாக ஊற்றுங்கள். தொட்டியைத் துணியோ கோணியோ போட்டு மூடி நிழல் கட்டுங்கள், வெளிச்சத்தில் மருந்தின் வீரியம் குறையும். சில மணி நேரத்தில் புழுக்கள் தளர்ந்து தொங்குவதும், விழுவதும் தெரியும். மறுநாள் சாயந்திரம்தான் முக்கியமான வேலை. விழுந்த புழு சாகவில்லை, மயங்கித்தான் கிடக்கிறது. பெண் புழுவின் உடலில் குஞ்சும் இருக்கிறது. அப்படியே விட்டால் மீன் அதையும் தின்னும். ஆகவே அடி முழுவதையும் மீண்டும் உறிஞ்சி எடுத்து, முக்கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். எடுத்த கசடை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். நீர்நிலையிலிருந்து தள்ளி, வெயில் படும் மண்ணில் ஊற்றிக் காயவிடுங்கள்.

குழாயை வாயால் உறிஞ்சுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, விரலால் மூடி இறக்கினால் தானே ஓடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை மாட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சிவப்புப் புழு மனிதருக்கு வராது, ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் புண்ணை உண்டாக்கும் வேறு கிருமிகள் உண்டு.

ஒரு முறை போட்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதாதுங்க. தண்ணீரில் தப்பிய குஞ்சுப் புழுவையும், புழு உள்ள சைக்ளாப்ஸையும் மீன் பிறகும் தின்றிருக்கும். அது வளர்ந்து குஞ்சு விடுவதற்கு முன் அடிக்க வேண்டும். ஆகவே இரண்டு முதல் மூன்று வாரம் கழித்து அதே அளவில் இரண்டாம் முறை கட்டாயம் போட வேண்டும். பிறகும் சிவப்பு நூல் தென்பட்டால் மூன்றாம் முறை. 'முதல் மருந்திலேயே சரியாகிவிட்டது' என்று இரண்டாவதை விட்டவர்களுக்கு இரண்டு மாதத்தில் பழையபடி வந்துவிடும். பிறகு மருந்து சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை.

தீனியில் கலக்கும் மருந்து: பென்பெண்டசோல்

மீன் நன்றாகத் தீனி எடுக்கிறது என்றால் பென்பெண்டசோலைத் தீனியில் கலந்து கொடுக்கலாம். கேப்பில்லேரியாவுக்கும் சிவப்புப் புழுவுக்கும் இது கேட்கும். அளவு: ஒரு கிலோ மீன் எடைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம். மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் மூன்று நாள்.

கப்பியை எடை போடுவது எப்படி? ஒரு வாளியில் தண்ணீர் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். 100 மீனைத் தண்ணீர் வடித்து அதில் விட்டு மீண்டும் நிறுங்கள். 50 கிராம் கூடினால் ஒரு மீன் அரை கிராம். அப்படியானால் 2,000 மீன் ஒரு கிலோ. அதற்கு மூன்று நாளைக்கு மொத்தம் 75 மில்லிகிராம் மருந்து. 150 மில்லிகிராம் மாத்திரையில் அரை மாத்திரை போதும். ஒரு கிலோ மீன் ஒரு நாளைக்கு 20 கிராம் தீனி தின்னும் என்று வைத்தால் மூன்று நாளைக்கு 60 கிராம் தீனி. அரை மாத்திரையை மைபோல் பொடித்து, கொஞ்சம் சமையல் எண்ணெயில் குழைத்து, அந்த 60 கிராம் தீனியில் ஒன்றுபோலப் புரட்டி, நிழலில் ஆறவிட்டு மூன்று பங்காக்கிக் கொடுங்கள். அந்த மூன்று நாளும் வேறு தீனி கிடையாது. போட்டது மிஞ்சாமல் தின்கிறதா என்று கூட இருந்து பாருங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. அதிகம் நோய்ப்பட்ட மீன்தான் தீனி எடுக்காது, அதற்கு மருந்தும் போகாது. அப்படிப்பட்ட மீன் இருந்தால் தண்ணீரில் கலக்கும் லெவமிசோல்தான் நல்லது.

தங்க மீன், கோய் மீனின் நாடாப் புழுவுக்கு இவை வேண்டாம். பிராசிகுவாண்டல் என்ற மருந்து இருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 24 மணி நேரம் தண்ணீரில் வைக்கலாம். இது நாடாப் புழுவுக்குத்தான், சிவப்புப் புழுவுக்குக் கேட்காது.

செய்யக் கூடாதவை

மாட்டு உண்ணிக்கு ஊசி போடும் ஐவர்மெக்டினைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அது மீனுக்குக் கொடிய நஞ்சு. புழுவைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து எதுவும் தொட்டி அருகில் வரக் கூடாது. பள்ளியில் கொடுத்த பிள்ளைகள் மாத்திரையை மீனுக்குப் போடாதீர்கள். அது பிள்ளைகளுக்கு அளந்து வைத்த மருந்து.

கல்லுப்பும் மஞ்சளும் போட்டால் புழு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். உப்பு, வெளித்தோலில் ஒட்டும் சில நோய்களுக்கு உதவும். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு எட்டாது. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவுக்கு உரியது, அதனாலும் புழு சாகாது.

இன்னொன்று. நான் சொன்ன அளவெல்லாம் அழகுக்கு வளர்க்கும் மீனுக்குத்தான். ரோகு, கட்லா, திலேப்பியா என்று சாப்பிடும் மீன் உள்ள குட்டையில் இந்த மருந்துகளை நீங்களாகப் போடக் கூடாது. மருந்துத் தண்ணீரையும் அங்கே விடக் கூடாது, கிணற்றுப் பக்கமும் விடக் கூடாது.

திரும்ப வராமல் இருக்க

இதுதான் மருந்தைவிட முக்கியம். முதலில் தீனி. குளத்திலும் குட்டையிலும் வலை போட்டு அள்ளி வரும் நுண்பூச்சியில் சைக்ளாப்ஸ் கலந்திருக்கும். அந்தக் குளத்தில் மீன் இருந்தால் புழுவும் இருக்கலாம். அதற்குப் பதிலாக மீன் இல்லாத தனித் தொட்டியில் மொய்னாவை நீங்களே பெருக்கிக் கொடுங்கள். ஆர்டீமியா உப்பு நீரில் பொரிப்பது, அதன் வழியாக இந்தப் புழு வராது.

சாக்கடையில் எடுக்கும் டியூபிபெக்ஸ் புழுவும் ஆபத்து. கொக்கு, நாரையின் எச்சத்திலிருந்து ஒருவகைப் புழு டியூபிபெக்ஸுக்குள் போய், அங்கிருந்து மீனுக்கு வரும். மீனின் வயிற்றுக்குள் செந்நிறமாகச் சுருண்டு கிடக்கும். அது குடலுக்கு வெளியே இருப்பதால் அதற்கு வைத்தியம் இல்லை. தொட்டிக்கு மேல் வலை கட்டிக் கொக்கு இறங்காமல் பார்ப்பதும், சாக்கடைப் புழுவை நிறுத்துவதும்தான் வழி.

இரண்டாவது தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் பயமில்லை. குளத்துத் தண்ணீர் இறைப்பவர்கள் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துக் குழாய் வாயில் கட்டி வடிகட்டுங்கள். நரம்புச் சிலந்தியை விரட்டியதும் இந்தத் துணிதான்.

மூன்றாவது, புது மீன். நல்ல வால், நல்ல நிறம் என்று ஆசைப்பட்டு வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விடுவதுதான் பெரும்பாலும் வினையாகிறது. புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் காலையில் நின்று பாருங்கள். அந்தத் தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். வேலை செய்யும்போது நல்ல தொட்டிகளை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் அந்தத் தொட்டிக்குப் போங்கள்.

நான்காவது, காய்ச்சல். உழவனுக்குக் கோடை உழவு எப்படியோ, மீன்காரருக்குத் தொட்டிக் காய்ச்சல் அப்படி. மீனை விற்றுத் தொட்டி காலியானதும் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவிடுங்கள். வலையையும் வெயிலில் போடுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் குஞ்சுப் புழு பிழைக்காது. செலவில்லாத மருந்து இது, நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

விற்கும் முன் யோசியுங்கள்

கடைசியாக ஒன்று. புழு தெரிந்ததும் சிலர் அவசரமாக மீனை விற்றுவிடப் பார்க்கிறார்கள். வாங்கிப் போகிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். அவர் தொட்டியில் பரவும். ஆறு மாதம் கழித்து அவரிடமிருந்தே நீங்கள் தாய் மீன் வாங்குவீர்கள். புழு உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். இன்னும் சிலர் நோய் மீனை ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். ஹவாய் தீவுகளில், வெளியிலிருந்து கொண்டுபோன கப்பி வகை மீன்களோடு இந்தப் புழுவும் போய், அங்குள்ள ஓடைகளின் சொந்த மீன்களுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓடைக்குள் போன புழுவை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே இரண்டு முறை மருந்து முடிந்து, ஒரு மாதம் நூல் தெரியாமல் இருந்தால் மட்டும் மீனை வெளியே கொடுங்கள். கேட்கிறவரிடம் மருந்து கொடுத்த விவரத்தையும் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரிடம்தான் வியாபாரி மறுபடி வருவார்.

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். காலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எந்தப் புழு என்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரை அளந்து, சீட்டைப் படித்து மருந்தை நிறுத்துப் போடுங்கள். மருந்து போட்ட மறுநாள் அடியை உறிஞ்சுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டாம் முறையைத் தவறாமல் போடுங்கள். தீனி, தண்ணீர், புது மீன் என்று புழு வரும் மூன்று வாசலையும் அடையுங்கள். இவ்வளவும் செய்தால் அடுத்த பை சந்தையிலிருந்து திரும்பி வராது.